பழைய விலாசம்

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணிக்கு,

வணக்கம். நானும் சுண்டுவும் நலம். நீங்கள் நலமா என்று நிதானமாக நாலு வரி கேட்க ஆசைதான். இன்றைக்கு அந்த நிதானம் என்னிடம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கடையிலேயே படியுங்கள். லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மறந்தும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் அண்ணி. தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்துவிட்டேன்.

சுண்டுவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன வாரம் ஒரு சீட்டு வந்தது, பெற்றோர் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று. நேற்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே கணக்குப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற மனிதர். அவர் ஒரு படிவத்தை நீட்டி, "இனிமே ரொக்கம் கிடையாதும்மா. மாசா மாசம் அஞ்சாம் தேதி உங்க அக்கவுண்ட்லருந்து பணம் தானா வந்துரும். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். வரிசையில நிக்க வேண்டாம், லீவு போட வேண்டாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் கட்டணம் கட்ட அரை நாள் சம்பளம் போகிறது. அது மிச்சம் என்று நினைத்தேன்.

அந்தப் படிவத்தில் எழுத்துக்கு ஒரு கட்டம். பணம் பெறுபவர் என்ற இடத்தில் பள்ளிக்கூடத்தின் முழுப் பெயரையும் தெருவையும் ஊரையும் அவர்களே முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் நான் எழுதினேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கணக்கு எண்ணைப் பாஸ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணமான இரண்டாம் வருஷம் தையல் கம்பெனிக்கு ஆறு மாதம் போனேனே, அப்போது திறந்த கணக்கு. இங்கே ஆஸ்பத்திரியில் சம்பளம் போட ஒரு கணக்கு வேண்டும் என்றார்கள். புதிதாகத் திறக்க விலாசத்துக்குச் சான்று கேட்டார்கள். நான் இருக்கிற அறைக்கு வாடகைச் சீட்டுக்கூடக் கிடையாது. அதனால் பழைய கணக்கையே கொடுத்துவிட்டேன்.

கணக்குப் பிள்ளை படிவத்தின் அடிக்கட்டையைக் கிழித்துக் கையில் தந்தார். "பேங்க்லருந்து வீட்டுக்கு ஒரு லெட்டர் வரும்மா, அனுமதி பதிவாயிருச்சுன்னு. அத பத்திரமா வச்சுக்குங்க" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மூன்று படி இறங்கியிருப்பேன். எந்த வீட்டுக்கு என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்கில் இருப்பது நம் வீட்டு விலாசம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படியில் ஏறிவந்த ஒரு அம்மா, தலைசுற்றலா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இன்று காலை முதல் வேலையாக வங்கிக்கு ஓடினேன். கவுண்டரில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். விலாசத்தை மாற்ற வேண்டும் என்றேன். "புது விலாசத்துக்குச் சான்று குடுங்க" என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் அந்த அனுமதியையே நிறுத்திவிடுங்கள் என்றேன். "நிறுத்தலாம்மா. ஆனா நிறுத்தினதுக்கும் ஒரு லெட்டர் வீட்டுக்குப் போகும். பதிவானதுக்கு ஒண்ணு, நிறுத்தினதுக்கு ஒண்ணு, ரெண்டா வரும், பரவால்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் மேல் தப்பு இல்லை, அவளுக்கு என்ன தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கடிதம் இங்கிருந்து போவதில்லையாம், தலைமை அலுவலகத்தில் இயந்திரமே அச்சடித்து அனுப்பிவிடுமாம். எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் என்றாள். என்ன காரணம் என்று அவள் கேட்டபோது வாய் வரை வந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நம் வீட்டுக்குத் தபால் பதினோரு மணிக்கு வரும். லாரி ஆபீஸில் அதிகாலை லோடை அனுப்பிவிட்டு உங்கள் தம்பி பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். நீங்கள் அப்போது கடையில் இருப்பீர்கள். இதைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு தாளில் எல்லாம் இருக்கும் அண்ணி. ஊர் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், வகுப்புகூட இருக்கும். எந்த வாசலில் நின்றால் குழந்தை வெளியே வருவாள் என்பது வரை இருக்கும். பள்ளி மூன்றரைக்கு விடுகிறது. எனக்கு நான்கு மணிக்குத்தான் வேலை முடியும். அந்த அரை மணி நேரம் சுண்டு வாசலருகே காவல்காரர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அப்பா வந்து கையை நீட்டினால் அவள் எழுந்து போவாளா மாட்டாளா என்று எனக்கே தெரியவில்லை. காவல்காரர் தடுக்க மாட்டார். அப்பாதானே.

தையல் கம்பெனி வாசலில் உங்கள் தம்பி வந்து நின்ற அன்றைக்கு நான் ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன். தெருவே பார்த்தது. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. நீங்கள்தான் அந்த இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துவந்து ஒன்றும் கேட்காமல் வாசலில் ஜோடியாக வைத்தீர்கள்.

சுண்டு நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், பெரிய மனுஷி மாதிரி. வகுப்பில் என் குடும்பம் என்று படம் வரையச் சொன்னார்களாம். என்னை வரைந்து, தன்னை வரைந்து, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆளையும் வரைந்திருக்கிறாள். யாரடி என்றேன். "அத்தைதான், வேற யாரு. கண்ணாடிய மட்டும் சரியா போட்ருக்கேன் பாரு" என்றாள். இந்த ஐந்து மாதத்தில் இப்போதுதான் கதவு தட்டும் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போகாமல் இருக்கிறாள். அவளை இன்னொரு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக என்னால் முடியுமா தெரியவில்லை. அதையும் யோசித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் துணி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வார்டு எண் குத்திய விரிப்புகளைப் பத்துப் பத்தாக மடித்து அடுக்க வேண்டும். காலையிலிருந்து ஒன்பதும் பதினொன்றுமாக அடுக்கியிருக்கிறேன். சூப்பர்வைசரம்மா வந்து, "கை இங்க இருக்கு, ஆளு எங்கம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் மாலை உங்கள் போனை வாங்கி யார் யார் கூப்பிட்டார்கள் என்று உங்கள் தம்பி பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் போனில் கூப்பிடவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகும் என்றால் வேண்டாம் அண்ணி என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் தெரியும். அது பொய்யான வரி. அந்தக் கடிதம் அவர் கைக்குப் போகக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டும். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைகளை நம்பியிருக்கும்,
சுண்டுவின் அம்மா


வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். முதலில் உனக்கு வேண்டிய செய்தி. அந்தக் கடிதம் இப்போது உலகத்தில் இல்லை. மூச்சை விடு. தண்ணீர் குடி. மீதியைப் பிறகு படி.

என் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுத்துக்கொள். நேற்று வாசற்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல் வேலை செய்கிறது, அதனால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

உன் கடிதம் போன வியாழக்கிழமை கடைக்கு வந்தது. நீ சொன்ன மாதிரி அறைக்குள் போய்ப் படித்தேன். படித்து முடித்து ஒரு லென்ஸை அளவு தப்பாகத் தேய்த்து உடைத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு லென்ஸை எடுத்து வைத்துவிட்டுப் போனார், நல்ல மனிதர்.

தபால் வரும் நேரத்துக்கு நான் வீட்டில் இருக்க வழியில்லை. பத்து நாள் லீவு போட்டால் தம்பி ஏன் என்று கேட்பான். தபால்காரரிடம் சொல்லலாம் என்றால் அவர் இவனோடு நின்று டீ குடிக்கிறவர். அப்படி யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கூடத்து மேஜையில் இவனுடைய கண்ணாடி இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, இவனுக்குத் தூரத்தில் போகிற லாரியின் நம்பர் தெரியும், கையில் இருக்கிற எழுத்து கண்ணாடி இல்லாமல் எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவன் குளிக்கப் போன நேரத்தில் கண்ணாடியின் ஒரு காலைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். வந்தவன் கண்ணாடியை எடுத்தான், கால் கையோடு வந்துவிட்டது. "குடு, கடையில போட்டுத் தரேன்" என்றேன். நாலு நாள் அந்த அளவுத் திருகாணி வரவில்லை என்றேன். பிறகு லென்ஸில் கீறல் இருக்கிறது, மாற்றித்தான் தர வேண்டும் என்றேன். என் தொழிலில் நான் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒரு வாரத்தில் சொன்னதுதான்.

புதன்கிழமை மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். உறை கிழிந்து கிடந்தது. தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே பெரிய எழுத்தில் இருந்த வங்கியின் பெயர் தெரிந்திருக்கிறது, கட்டமிட்டு இருந்த உன் பெயரும் தெரிந்திருக்கிறது. மீதி தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் தெருவில் எல்லோரிடமும் நீ உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போயிருப்பதாக அல்லவா சொல்லிவைத்திருக்கிறான். அந்த வீம்புதான் உன்னைக் காப்பாற்றியது. பதினோரு மணியிலிருந்து ஏழு மணி வரை அந்தத் தாளோடு எனக்காகக் காத்திருந்திருக்கிறான்.

"படி" என்றான்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் வாங்கினேன். நீ எழுதியது சரிதான், எல்லாம் இருந்தது. நடுவில் பள்ளிக்கூடத்தின் பெயர் தடித்த எழுத்தில், ஆனால் பொடியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் படித்தேன். அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் கணக்கில் நீண்ட காலமாகக் குறைந்தபட்சத் தொகை இல்லாத காரணத்தால், முப்பது நாட்களுக்குள் நேரில் வந்து சரிசெய்யத் தவறினால் கணக்கு முடக்கப்படும். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இவன் சிரித்தான். "பாத்தியா, பேங்க்காரனே தொரத்துறான். எங்க போயி பிச்சை எடுக்கறாளோ" என்றான். நானும் ஆமாம் என்றேன். தாளை மடிக்கப் போனேன்.

"இன்னொரு தடவ படி" என்றான்.

அந்த நிமிஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது. கண்ணெதிரே இருக்கிற எழுத்தைப் படித்தால் இரண்டாம் தடவையும் அதேதான் வரும். இல்லாததைப் படித்தவளுக்கு அது எங்கே இருக்கிறது, திரும்பப் படிக்க? அவன் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படித்தேன். அன்புள்ள வாடிக்கையாளருக்கு என்பது வரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு பதினைந்து நாட்களுக்குள் என்று வந்துவிட்டது.

"மொதல்ல முப்பதுன்னே."

"முப்பதுதான். நாள் பூரா லென்ஸ் தேய்ச்சுட்டு வரேன், கண்ணு மங்குது" என்றேன். அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். வேறு வழியில்லை, பிடுங்கிக்கொண்டு ஓடவா முடியும். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கண்ணாடி எப்ப வரும்?" என்றான். நாளைக்கு என்றேன். "நாளைக்கு நானே ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. இவன் சத்தம் போட்டால் எனக்கு அவ்வளவாகப் பயம் வராது. பேசாமல் இருந்தால்தான் பயம்.

சாப்பிட்டான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். நான் தினமும் அந்த நேரத்தில்தான் துணி ஊறப்போடுவேன், இது அவனுக்கும் தெரியும். அந்தச் சட்டையை எடுத்து வாளியில் அமுக்கினேன். இயந்திரம் அச்சடித்த எழுத்து தண்ணீரில் கரைவதில்லை, தெரியுமா? பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் சொட்டச் சொட்ட இருக்கிறது, எழுத்து அப்படியே நிற்கிறது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கூழாக்கினேன். பாதியைச் சாக்கடையில் விட்டேன். மீதியைப் பையிலேயே திணித்து வைத்தேன். மறந்து துவைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டுமே.

காலையில் பார்த்தான். பையில் கையை விட்டு அந்த வெள்ளைக் கூழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தான். "பாக்காம போட்டுட்டேன்டா" என்றேன். பிறகுதான் நான் வாசற்படியில் விழுந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். திங்கட்கிழமை அவனே வங்கிக்குப் போய் அந்தக் கடிதத்துக்கு நகல் கேட்கப் போகிறானாம். நான் கணவன், எனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறான். சொல்வார்களா மாட்டார்களா எனக்குத் தெரியாது. அதற்குள் நீ ஏதாவது செய். வாய் வரை வந்தது, சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, இந்தத் தடவை சொல்லிவிடு. பின்னால் எத்தனை பேர் நின்றால் என்ன? அவர்களா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

உங்கள் ஊர்ப் பக்கம் லென்ஸ் பார்சல் கொண்டுபோகும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளை காலை ஆஸ்பத்திரி வாசலில் உன் கையில் கொடுப்பார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மா போனபோது இவனுக்கு நாலு வயது. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தேன். என்னை என்ன செய்துவிடப் போகிறான்.

குழந்தை பல் முளைத்து, படித்து, பெரியவளாகி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுண்டுவின் அத்தை


வியாழக்கிழமை

என் அண்ணிக்கு,

வணக்கம். வண்டிக்காரர் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். துணி அறை வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் நேரே சூப்பர்வைசரம்மாவிடம் போய், என் வீட்டுக்காரருக்கு நான் இருக்கும் இடம் தெரியக் கூடாது என்று சொன்னேன். வாய்விட்டு ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்கள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தார்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அலுவலகத்துக்குப் போய், இன்ன பெண் இங்கே வேலை பார்க்கிறாள், அவளுக்கான தபாலை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பலாம் என்று முத்திரையோடு ஒரு தாள் வாங்கித் தந்தார்கள். ஐந்து மாதமாக அந்தத் தாள் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறது, கேட்க எனக்கு வாய் இல்லை.

வங்கியில் அன்றைக்கும் அதே பெண்தான். அன்றைக்கும் பின்னால் வரிசை இருந்தது. நீங்கள் சொன்னபடி சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. போன வாரம் சிரித்தது ஞாபகம் வந்திருக்கும் போல. கவுண்டரில் மூடியிருக்கிறது என்ற பலகையை வைத்துவிட்டு என்னை மேலாளர் அறைக்கு அழைத்துப் போனாள். வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அரை மணியில் விலாசம் மாறிவிட்டது. என்னைத் தவிர யார் கேட்டாலும் எந்தக் கிளையிலும் எதுவும் சொல்லக் கூடாது என்று கணக்கில் குறித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். கணக்குப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரொக்கமாவே வாங்கியிருப்பேனேம்மா" என்றார். இப்போது மூன்றரைக்குப் பிறகு சுண்டு வாசல் பெஞ்சில் இல்லை, அவருடைய அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் வராமல் யாரோடும் அனுப்பக் கூடாது என்று காவல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. நேற்று ஐந்தாம் தேதி. பணம் எடுக்கப்பட்டது என்று காலையில் போனில் செய்தி வந்தது. எல்லோருக்கும் வருகிற ஒரு வரிச் செய்திதான். எனக்கு அதைத் திறக்க விரல் வரவில்லை. சுண்டுதான் படித்துச் சொன்னாள்.

இனிமேல்தான் நான் எழுத வேண்டியது.

செவ்வாய்க்கிழமை அந்த வங்கிப் பெண் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். நம் ஊர்க் கிளையிலிருந்து அவர்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒருவர் வந்து கணவன் என்று சொல்லி விவரம் கேட்டாராம். சொல்ல முடியாது என்றதும் கண்ணாடித் தடுப்பில் ஓங்கித் தட்டிச் சத்தம் போட்டாராம். காவலர் வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறார். "அவருக்கு ஒரு வார்த்தை கூட சொல்லல. நீங்க தைரியமா இருங்க" என்றாள். அவள் நல்ல செய்தி சொல்லத்தான் வந்தாள். எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வெறுங்கையோடு அவர் எங்கே திரும்பிப் போயிருப்பார்? திங்கட்கிழமை மாலை அந்த வீட்டில் யார் இருந்திருப்பார்கள்?

அண்ணி, நான் எட்டு வருஷம் அந்த வீட்டைப் பெருக்கியவள். அந்த வாசலில் படி கிடையாது. தெருவும் கூடமும் ஒரே மட்டம். சுண்டு தன் மூன்று சக்கர வண்டியை இறங்காமலே உள்ளே ஓட்டிக்கொண்டு வருவாள், நீங்கள்தான் சக்கரத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வருவீர்கள். எந்தப் படியில் தடுக்கி விழுந்தீர்கள்?

நானும் இப்படியெல்லாம் சொல்லியிருக்கிறேன். குழாயடியில் வழுக்கியது, கதவு இடித்தது என்று. நீங்கள் நம்பினாற்போல் தலையாட்டிவிட்டு மஞ்சள் பற்றுப் போட்டுவிடுவீர்கள். கடைசியில் ஒரு நாள் பையில் துணியை வைத்துக் கையில் கொடுத்து, வண்டி ஐந்தரைக்கு, குழந்தையை எழுப்பு என்றீர்கள். உங்களுக்கு யார் அப்படிச் சொல்வது? அதனால் நான் சொல்கிறேன். தூக்கி வளர்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். தூக்கிய அந்தக் கையைத்தான் கட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன். இங்கே இருப்பது ஒரே அறை. தண்ணீர் ஒரு வேளைதான் வரும், கீழே போய்த் தூக்கிவர வேண்டும். உங்களுக்கு வேலை எதுவும் பார்த்து வைக்கவில்லை, இருக்கிறதா என்று விசாரிக்கவும் இல்லை. பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். தெருவில் பின்னால் யாராவது வேகமாக நடந்தால் இன்னும் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொள்கிறேன். ஆனால் உங்களை அங்கே வைத்துக்கொண்டு இங்கே நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்குவது என்பது இனிமேல் முடியாது. என் குழந்தையைக் காப்பாற்ற உங்களை நான்தான் அவர் முன்னால் நிறுத்தினேன். அடித்த வரியை அடிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் எதையும் எடுக்க வேண்டாம். கடையிலிருந்து அப்படியே கிளம்புங்கள். நாளை வெள்ளிக்கிழமை மாலை லென்ஸ் பார்சல் வண்டி புறப்படும்போது முன் இருக்கையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன். "அக்காவ நான் பத்திரமா கொண்டாந்து சேத்துடறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். இதையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பின்வாசலில், துணி வண்டிகள் நிற்கும் இடத்தில் நானும் சுண்டுவும் நிற்போம். இந்தச் சனிக்கிழமை முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்போம். அதற்கு அடுத்ததும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அந்தக் கையை வருத்தாதீர்கள். வந்துவிடுங்கள் அண்ணி.

வழி பார்த்து நிற்கும்,
உங்கள் தங்கையும், முன்பல் இல்லாத உங்கள் மருமகளும்